இயற்கை மருத்துவமும் அண்மைக்கால ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல்நலம் பற்றி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இயற்கை மருத்துவத்தைப் பற்றியவை. கேட்பவர்களில் ஒரு சாரார் ஏற்கெனவே நம்பிவிட்டவர்கள். மறு சாரார் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டவர்கள். இருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "இயற்கை" என்ற சொல்லைச் சற்று நேரம் ஓரமாக வைத்துவிட்டு, எதை, யாரிடம், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் சோதித்தார்கள் என்று பாருங்கள். கீழே உள்ள விடைகள் அந்த வழியில் வந்தவை.

இயற்கை மருத்துவம் என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

உணவு, நீர், வெயில், காற்று, ஓய்வு, நடை, உண்ணாநோன்பு ஆகியவற்றின் துணையோடு உடல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ள வழிவிடுவது. மூலக் கருத்து இவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் சைலீசியாவின் கிராஃபென்பெர்க்கில் வாழ்ந்த வின்சென்ட்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி, இளவயதில் வண்டி விபத்தில் விலா எலும்பு முறிந்தபோது ஈரத்துணிக் கட்டுப் போட்டுத் தேறினார்; பிறகு அதையே ஊராருக்கும் செய்தார். பவேரியாவில் செபாஸ்டியன் கினைப் என்ற மாணவர் நுரையீரல் நோயோடு 1849ஆம் ஆண்டுக் குளிரில் டான்யூப் ஆற்றில் இறங்கிக் குளித்தார். அதனால்தான் பிழைத்தேன் என்று நம்பியவர், பின்னாளில் பாதிரியாராகி நீர் சிகிச்சையைப் பரப்பினார். அவரிடம் சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். 'நேச்சுரோபதி' என்ற சொல்லை 1895இல் உருவாக்கியவர் ஜான் ஷீல். அதை அவரிடமிருந்து வாங்கி உலகறியச் செய்தவர் லஸ்ட்.

இன்று அந்த ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, வாழும் முறையை மாற்றுவது. மற்றது, புட்டியில் அடைத்து விற்கும் மூலிகைச் சாறுகளும் வைட்டமின் மாத்திரைகளும். இரண்டுக்கும் இருக்கும் ஆதாரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரித்துப் பார்க்காமல் பேசுவதால்தான் பாதிச் சண்டைகள் வருகின்றன.

ஹோமியோபதியும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஹோமியோபதி தனி முறை. மூலப்பொருள் மிஞ்சாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்த மருந்துகளைத் தருவது. சில நாடுகளில் இயற்கை மருத்துவர்கள் அதையும் சேர்த்துத் தருவதால் குழப்பம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஹோமியோபதி பலன் தரும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று முடிவு சொன்னது.

இயற்கை மருத்துவ சிகிச்சையை முழுதாகவே வைத்துச் சோதித்திருக்கிறார்களா? ஒவ்வொரு மூலிகையாகத்தானே சோதிக்கிறார்கள்?

நல்ல கேள்வி. இயற்கை மருத்துவர்களின் நியாயமான குறையும் இதுதான்: "நாங்கள் ஆளைப் பார்த்துப் பத்து விஷயங்களை மாற்றுகிறோம், நீங்கள் அதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்துச் சோதித்துவிட்டுப் பலனில்லை என்கிறீர்கள்."

முழுச் சிகிச்சையையும் சோதித்த ஆய்வுகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. 2013இல் கனடாவின் மருத்துவ இதழில் வெளியான ஒன்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள கனடா அஞ்சல் துறை ஊழியர்கள் 246 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான குடும்ப மருத்துவரின் கவனிப்பு மட்டும். மற்றொரு குழுவுக்கு அதோடு இயற்கை மருத்துவரின் உணவு, உடற்பயிற்சி ஆலோசனையும் சில துணை மாத்திரைகளும். ஓராண்டு முடிவில், அடுத்த பத்தாண்டுகளில் இதய நோய் வருவதற்கான கணிப்பு முதல் குழுவில் 10.81%, இரண்டாவதில் 7.74%.

நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆய்வு எதைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது குழுவினர் ஆண்டு முழுவதும் ஒருவரோடு பலமுறை உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள், அடுத்த முறை எடை பார்ப்பார்கள் என்ற எண்ணமே ஒரு மனிதனை நடக்க வைக்கும். பலன் வந்தது உணவாலா, மாத்திரையாலா, அந்தக் கவனிப்பாலா என்று பிரிக்க முடியாது. என் கணிப்பில் பெரும்பங்கு முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உரியது. மருத்துவமனையில் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதிக்கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்துக்கு இது ஒரு பாடம்.

எதற்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது?

வாழும் முறையை மாற்றுவதற்கு. கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் அதற்கு உள்ள ஆதாரம் பல மருந்துகளுக்குக்கூட இல்லை.

2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மருந்து. ஒரு குழுவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஒரு குழுவுக்கு உடல் எடையில் 7% குறைக்க வேண்டும், வாரம் 150 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்ற இலக்கும் அதற்கான பயிற்சியும். போலி மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் நோய் வருவதை 31% குறைத்தது. நடையும் உணவும் 58% குறைத்தன.

நோய் வந்தபின்? பிரிட்டனில் நடந்த 'டைரக்ட்' ஆய்வில் சேர்ந்தவர்கள் இரண்டாம் வகை நீரிழிவு வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மூன்று முதல் ஐந்து மாதங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும், பிறகு படிப்படியாக வழக்கமான உணவு. ஓராண்டு முடிவில் 46% பேர் மருந்தில்லாமலே சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள், இரண்டாண்டில் 36%. இழந்த எடை திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியது. இதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்தார்கள். சர்க்கரை மாத்திரையையோ ரத்த அழுத்த மாத்திரையையோ விழுங்கிக்கொண்டே தானாகப் பட்டினி கிடப்பது ஆபத்து.

உணவு விஷயத்தில் இன்னொரு சிறிய ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு குறைந்தது. மனவுறுதி இல்லை என்று தன்னையே திட்டிக்கொள்பவர்களுக்கு இந்த ஆய்வை நான் எப்போதும் சொல்வேன்.

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்தில்லா வழிகள் பலன் தருமா?

தரும், யாருக்கு, எந்த அளவு நோய்க்கு என்பதுதான் முக்கியம். 2022 இறுதியில் வெளியான ஒரு ஆய்வில், பதற்ற நோய் உறுதிசெய்யப்பட்ட 276 பேரில் ஒரு பாதிக்கு எட்டு வார மனமொன்றிய தியானப் பயிற்சியும், மறுபாதிக்கு எஸ்சிட்டலோபிராம் என்ற பதற்ற மருந்து மாத்திரையும் தந்தார்கள். பலனில் தியானம் மாத்திரைக்குச் சளைக்கவில்லை. 2017இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுள்ள 67 பேரிடம் நடந்த 'ஸ்மைல்ஸ்' ஆய்வில், உணவு ஆலோசனை பெற்றவர்களில் 32% பேருக்கு 12 வாரத்தில் நோய் தணிந்தது. வெறும் பேச்சுத் துணை பெற்றவர்களில் 8% பேருக்குத்தான் தணிந்தது. சிறிய ஆய்வு, யாருக்கு எது கிடைக்கிறது என்பது பங்கேற்றவர்களுக்கே தெரியும். ஆகவே நம்பிக்கை தருவது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

மூலிகைகளில் 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற மஞ்சள் பூச்செடிக்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறது. 2008இல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, போலி மாத்திரையைவிட மேல், வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்கு ஏறக்குறைய இணை என்றது. அதே செடி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் கீழே சொல்கிறேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருமானால் தியானம், உணவு என்று காத்திருக்கக் கூடாது. அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள்.

குளிர்ந்த நீரில் குளித்தால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுமா?

கினைப் இதைப் படித்திருந்தால் மகிழ்ந்திருப்பார். 2016இல் நெதர்லாந்தில் 3,018 பேரிடம் வழக்கம்போல் குளித்து முடிக்கும்போது 30, 60 அல்லது 90 வினாடி குளிர்நீரில் நிற்கச் சொன்னார்கள்; ஒரு குழுவிடம் எதையும் மாற்ற வேண்டாம் என்றார்கள். குளிர்நீரில் நின்றவர்கள் நோய்விடுப்பு எடுத்தது 29% குறைவு. ஆனால் அவர்கள் நோயுற்ற நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அதாவது சளி பிடிப்பது நிற்கவில்லை. சளியோடும் வேலைக்குப் போகும் தெம்பு இருந்திருக்கிறது. 30 வினாடிக்கும் 90 வினாடிக்கும் வித்தியாசமும் இல்லை. இதய நோய் உள்ளவர்கள் திடீர்க் குளிரில் இறங்க வேண்டாம்.

மரங்களைப் பார்த்தாலே உடல் தேறும் என்பது கவிதைதானே?

1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் மருத்துவமனைக் குறிப்புகளை எடுத்து, வயது, பால் எல்லாம் ஒத்துப்போகும் 23 ஜோடிகளாகச் சேர்த்தார். ஜோடியில் ஒருவரின் அறை ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவருக்குப் பழுப்புச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிமருந்தும் குறைவாகத்தான் கேட்டார்கள். செவிலியர் குறிப்புகளில் அவர்களைப் பற்றிய குறைகளும் குறைவு. எண்ணிக்கை சிறியது. என்றாலும் மருத்துவமனைகளைக் கட்டும் விதத்தையே மறுபடி யோசிக்க வைத்த ஆய்வு அது.

2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த கணக்கில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலம் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போவார்கள் என்ற ஐயத்தை இந்த வகைக் கணக்கெடுப்பு தீர்க்காது. நடப்பதில் நட்டம் ஏதும் இல்லை என்பதால் நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

நேரம் குறித்து உண்ணாமல் இருப்பது வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டைவிட மேலா?

எடையைப் பொறுத்தவரை மேல் என்று தெரியவில்லை. 2022இல் சீனாவில் உடல் பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு சோதித்தார்கள். இரு குழுவுக்கும் ஒரே கலோரி அளவு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்ண வேண்டும். அவர்கள் 8 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ குறைந்தார்கள். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவே. செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் வழிமுறையைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பெற்றதை உண்ணாநோன்புக்குச் சான்றாகக் காட்டுவார்கள். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. ஈஸ்ட்டிலிருந்து நம் காலைப்பசி வரைக்கும் தூரம் நிறைய.

"செடியிலிருந்து வந்ததுதானே, பக்கவிளைவு இருக்காது" என்பது சரியா?

தவறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கான ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போன பெண்கள் பலருக்கு, நடுவயதுகூடத் தாண்டாத நிலையில், சிறுநீரகம் வேகமாகச் சுருங்கி நின்றுபோனது. மருத்துவர்கள் தேடிப்பார்த்தபோது அவர்கள் எல்லோரும் மெலிவதற்கான மூலிகைப் பொடி அடங்கிய ஒரே மாத்திரையை விழுங்கியிருந்தது தெரிந்தது. சூத்திரத்தில் இருக்க வேண்டிய செடியின் சீனப் பெயர் 'ஃபாங்ஜி'. அதற்குப் பதில் 'குவாங் ஃபாங்ஜி' என்ற வேறொரு செடி வந்து சேர்ந்திருந்தது. முன்னால் ஒரு சொல் கூடியிருந்தது, அவ்வளவுதான். அந்தச் செடியில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் தொடங்கியிருந்தது என்று 2000இல் வெளியான ஆய்வு சொன்னது. மெலிய நினைத்ததைத் தவிர அவர்கள் செய்த தவறு எதுவுமில்லை.

அது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். மஞ்சள் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. ஆகவே மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்க்கிறார்கள். அது ரத்தத்தில் குர்குமின் அளவை 20 மடங்காக உயர்த்தியதை 1998இலேயே காட்டினார்கள். சமையலில் சேரும் சிட்டிகைக்கும் இப்படிச் செறிவாக்கிய மாத்திரைக்கும் பெயர் மட்டுமே பொது. அமெரிக்காவின் மருந்துசார் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலைப்பின்னல், மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரின் விவரத்தை வெளியிட்டது. ஒருவர் இறந்துவிட்டார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபுக்கூறு இருந்தது. கோடிக்கணக்கானோர் சாப்பிடும்போது இது அரிதுதான். ஆனால் தமக்கு அந்த மரபுக்கூறு இருப்பது சாப்பிடுகிறவருக்குத் தெரியாதே.

2024இல் வந்த ஒரு கணக்கெடுப்பு, கல்லீரலைப் பாதிக்கக்கூடிய ஆறு தாவரப் பொருட்களில் ஏதாவது ஒன்றை முந்தைய 30 நாளில் உட்கொண்ட அமெரிக்கர்கள் 1 கோடியே 56 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. மஞ்சள், செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, அமுக்கரா, குடம்புளி வகை மாத்திரை, சிவப்பு ஈஸ்ட் அரிசி, பிளாக் கோஹோஷ் என்பவை அந்த ஆறு. அதிமதுரமும் அப்பாவியல்ல: நாட்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும்.

மருத்துவர் தந்த மருந்தோடு மூலிகையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

கேட்காமல் சாப்பிடக் கூடாது. கல்லீரலிலும் குடலிலும் உள்ள சில நொதிகள்தான் பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுகின்றன. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அந்த நொதிகளை முடுக்கிவிடும். விழுங்கிய மருந்து வேலை செய்வதற்குள் வெளியேறிவிடும். 2000இல் நலமான 8 பேரிடம் சோதித்தபோது, எச்.ஐ.வி. மருந்தான இண்டினாவிரின் அளவு ரத்தத்தில் 57% குறைந்தது. அதே ஆண்டு சூரிச்சில், மாற்று இதயம் பொருத்திக்கொண்ட இருவர் இந்த மூலிகையைச் சாப்பிட்டதால் அவர்களின் உடல் புதிய இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியது பதிவானது. கருத்தடை மாத்திரையும், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் இதே போல் பலனிழக்கும்.

கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழம் இதற்கு நேரெதிர்: நொதியை அடைத்துவிடும். கண்டுபிடித்ததே தற்செயல். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபைன் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்னாகும் என்று பார்க்க நினைத்து, மதுவின் சுவை தெரியாமலிருக்க இந்தப் பழச்சாற்றில் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராத உயரத்துக்குப் போனது. காரணம் பழச்சாறு.

என் சித்தப்பாவுக்கு இதயத் துடிப்புச் சீரில்லாமல் போனதால் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பல் துலக்கும்போது ஈறில் வடிந்த ரத்தம் நிற்கவில்லை என்று போன் செய்தார். போய் மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். மாத்திரைப் பெட்டிக்குப் பக்கத்தில் நினைவாற்றலுக்கு ஜிங்கோ என்ற மர இலைச் சாறு, இதயத்துக்குப் பூண்டு எண்ணெய் மாத்திரை, மூட்டுக்கு மீன் எண்ணெய் என்று மூன்று புட்டிகள். மூன்றுமே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று கருதப்படுபவை. "இதெல்லாம் மருந்தா என்ன, டாக்டரிடம் சொல்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் அவர் குற்றம் எதுவும் இல்லை. வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவரிடம் யாரும் கேட்டதே இல்லை. அன்றே ரத்தப் பரிசோதனை செய்தோம். ரத்தம் உறைய ஆகும் நேரம் எல்லை தாண்டியிருந்தது. மூன்று புட்டிகளும் நின்றன, அளவும் திரும்பியது. எந்தப் புட்டி காரணம் என்று இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜிங்கோவைப் பற்றி ஒரு வார்த்தை. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரிடம் ஆறாண்டு சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். மறதி நோயை அது தடுக்கவில்லை.

வைட்டமின் மாத்திரை தினமும் சாப்பிட்டால் நல்லதுதானே?

குறைபாடு இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் பலனில்லை, சில நேரம் கெடுதல்.

கெடுதலை முதலில் சொல்கிறேன். காய்கறி அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டு, காரணம் பீட்டா கரோட்டின்தான் என்று நினைத்து, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 28% அதிகம். அதைக் கெடுவுக்கு முன்பே நிறுத்தினார்கள். 35,533 ஆண்களிடம் நடந்த வைட்டமின் ஈ ஆய்வில் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியது. காயில் இருக்கும் நன்மையை ஒற்றைப் பொருளாகப் பிரித்துப் புட்டியில் அடைக்க முடியவில்லை.

வைட்டமின் டி இன்று எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்லப்படுகிறது. 25,871 பேரிடம் ஐந்தாண்டுக்கு மேல் நடந்த 'வைட்டல்' ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு புற்றுநோயையும் மாரடைப்பையும் தடுக்கவில்லை. எலும்பு முறிவையும் குறைக்கவில்லை. உடல் தன்னையே தாக்கும் நோய்கள் மட்டும் 22% குறைந்தன. அதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வைட்டமின் சி சளியைத் தடுக்காது. தினமும் சாப்பிடும் பெரியவர்களுக்குச் சளி நீடிக்கும் நாள் 8% குறையும். மறுபக்கம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு வெகுவாகக் குறையும். ஏற்கெனவே அப்படிப்பட்ட குழந்தை பெற்ற தாய்மாரிடம் 1991இல் 72% குறைந்தது. பால்கூடச் சேர்க்காத முழுச் சைவர்களுக்கு பி12 மாத்திரை கட்டாயம்.

மூலிகைகளின் மகிமையை மருந்து நிறுவனங்கள் மறைக்கின்றனவா?

வேலை செய்யும் மூலிகையை அவர்கள் மறைப்பதில்லை. தேடி எடுத்து மாத்திரையாக்குகிறார்கள். நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்சால் என்ற புற்றுநோய் மருந்துகள், கலேகா செடியின் வழியாக மெட்ஃபார்மின்.

சீன ஆய்வாளர் து யூயூவின் கதையைப் படித்தால் மரபறிவும் அறிவியலும் எப்படிக் கைகோக்க வேண்டும் என்பது புரியும். மலேரியாவுக்கு மருந்து தேடிப் பழைய சீன மருத்துவ நூல்களைப் புரட்டிய அவருக்கு, மாசிப்பத்திரி இனத்துச் செடி ஒன்றின் சாறு சோதனையில் ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய நூலைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்றிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரால் சாறெடுத்தார். மனிதர்களுக்குத் தருமுன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே உட்கொண்டு பார்த்தார்கள். 1972இல் அந்தச் செடியின் மருந்துப் பொருளான ஆர்ட்டிமிசினின் பிரித்தெடுக்கப்பட்டது. 2015இல் நோபல் பரிசு. பழைய நூலை அவர் எழுத்தெண்ணிப் படித்தார், பிறகு சோதனையும் செய்தார்.

புற்றுநோய்க்கு இயற்கை மருத்துவம் மட்டும் போதுமா?

போதாது. இதை நான் தயங்காமல் சொல்கிறேன். 2018இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குணப்படுத்தக்கூடிய நிலையில் கண்டறியப்பட்டும் மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்தரை மடங்குக்கும் மேல். காப்பாற்றியிருக்கக்கூடிய தாய்மார்கள் அவர்கள்.

சிகிச்சையோடு சேர்த்துச் செய்பவை வேறு கதை. 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் வேதிச்சிகிச்சையும் முடித்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்றாண்டுகள் பயிற்றுநரோடு கூடிய உடற்பயிற்சித் திட்டமும், மறுபாதிக்குக் கையேடும் தந்தார்கள். எட்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90.3%, மற்றதில் 83.2%. ஒரு புது மருந்து இந்த அளவு பலன் காட்டியிருந்தால் உலகமே பேசியிருக்கும். உங்கள் புற்றுநோய் மருத்துவர் நடையைப் பற்றிப் பேசவில்லையென்றால் நீங்களே கேளுங்கள்.

"எனக்குக் குணமானதே! அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?"

குணமானது உண்மை, எதனால் என்பதுதான் கேள்வி. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய வைத்தியத்தைத் தேடுவோம், உச்சத்துக்குப் பின் இறக்கம் எப்படியும் வரும். கவனிப்பும் நம்பிக்கையும் வேலை செய்வதும் உண்மை. 2010இல் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரில் ஒரு குழுவிடம், "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை தந்தார்கள். 59% பேருக்கு ஆறுதல் கிடைத்தது; மாத்திரை இல்லாதவர்களில் 35% பேருக்கு. இதனால் வலி குறையலாம், கட்டி கரையாது.

உடலின் நச்சை நீக்கும் சிகிச்சைகள்?

கல்லீரலும் சிறுநீரகமும் அதை ஓயாமல் செய்கின்றன. எந்த நச்சு, எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

புதிய ஆய்வுச் செய்தி ஒன்றை எப்படி எடைபோடுவது?

சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா என்று முதலில் பாருங்கள். மனிதரில் என்றால், குலுக்கிப் பிரித்தார்களா, ஒருமுறைதான் நடந்ததா என்று பாருங்கள். பெரிய இதழில் வந்துவிட்டதாலேயே முடிந்த முடிவாகாது. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்து 2013இல் வெளியான மத்தியதரைக்கடல் உணவு ஆய்வில் ஆட்களைக் குலுக்கிப் பிரித்த விதம் சில இடங்களில் பிசகியிருந்ததை ஒரு மயக்க மருந்து நிபுணர் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2018இல் ஆய்வாளர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். இதய நோய்கள் ஏறக்குறைய 30% குறைந்தது என்ற முடிவு மாறவில்லை. அதைச் சொன்ன உறுதி குறைந்தது. தவறைப் பொதுவில் ஒப்புக்கொள்ளும் ஆய்வாளர்மீது எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது.

நம்பிப் போகக்கூடிய இயற்கை மருத்துவரை எப்படி அடையாளம் காண்பது?

பட்டமும் பதிவும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் அரசின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைத் தாமாகக் கேட்பவர், "இதற்கு நீங்கள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்" என்று சொல்லத் தெரிந்தவர் நல்லவர். இன்சுலினை, வலிப்பு மருந்தை, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தான் பரிந்துரைக்கும் புட்டியைத் தானே விற்பவரிடமும் கவனம் தேவை.

குழந்தையின் இருமலுக்குத் தேன் தரலாமா?

தரலாம். சளியால் வரும் இருமலுக்குத் தேன் ஓரளவு பலன் தருவதைக் காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியிருக்கிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டியும் 2018 முதல் அதைச் சொல்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் நாக்கில் தடவுமளவுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். குழந்தையின் தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம்.